மாடியில் மனைவி, கீழே வேலைக்காரி

"வாரத்துல ஒரு நாள் எனக்கும் லீவு வேணும்."

அவள் இதைச் சொன்னதும் சலவைக்கடைக்காரர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே போட்டார்.

"பொண்டாட்டிக்கு என்னடி லீவு?"

"கடையில இஸ்திரி போடுற மத்தவங்களுக்குக் கொடுக்கிறீங்கல்ல."

"அவங்க வேலைக்காரங்க. நீ வீட்டு மனுஷி."

"இன்னைக்கு லீவு கேப்பா, நாளைக்குச் சம்பளம் கேப்பா," என்று மாமியார் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்.

பேச்சு முற்றியது. ஊரார் துணியை மடிப்புக் கலையாமல் அடுக்குகிறவளின் துணிகள் ஒரு பைக்குள் சுருட்டித் திணிக்கப்பட்டு வாசலுக்கு வந்துவிட்டன.

அன்று அவள் அக்கா வீட்டில் படுத்தாள். காலையில் வழக்கம்போல் கடைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள்.

கடைக்காரர் வந்து திகைத்து நின்றார். "நேத்துதானே போகச் சொன்னேன்?"

"அது வீட்டை விட்டு. வேலையை விட்டு யாரும் நிறுத்தலையே."

சட்டை வாங்க வந்தவர் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. வேலையை விட்டும் நிறுத்தினார்.

ஜீவனாம்சம் கேட்டு ஒன்று, வேலையைக் கேட்டு ஒன்று என்று அவள் இரண்டு வழக்குப் போட்டாள். இரண்டும் ஒரே கட்டடத்தில்தான் நடந்தன. கீழே குடும்ப நீதிமன்றம், மாடியில் தொழிலாளர் நீதிமன்றம். இரண்டுக்கும் கடைக்காரர் வைத்தது ஒரே வக்கீலை.

மாடியில் வக்கீல், "இவங்க மனைவி. புருஷனுக்குக் கைகொடுத்ததை வேலைன்னு சொல்ல முடியுமா?" என்றார். கீழே இறங்கி வந்து, "கல்யாணமே பதிவாகலை. வீட்டோட தங்கி வேலை பார்த்தவங்க," என்றார்.

தன் காதுதான் கெட்டுவிட்டதோ என்று அவள் முதலில் நினைத்தாள்.

"மேல ஏறினா பொண்டாட்டி, கீழ இறங்கினா வேலைக்காரி. படிக்கட்டுல நின்னா நான் யாரு, அக்கா?" என்றாள் வீட்டில்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒருநாள் இரண்டு வழக்கும் ஒரே காலையில் வந்தன. வக்கீல் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். மாடி வழக்குக்குரிய காகிதக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கீழ் நீதிமன்றத்தில் நுழைந்து, மூச்சு வாங்கியபடியே பேச ஆரம்பித்தார்.

"அம்மா, இவங்க என் கட்சிக்காரரோட மனைவி. நாலு பேர் அறியக் கல்யாணம் பண்ணி, குடும்பம் நடத்தினவங்க. இதுல சந்தேகமே கிடையாது."

நீதிபதி அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "பதிவு பண்ணிக்கலாமா?"

"தாராளமா."

கடைக்காரர் வக்கீலின் அங்கியைப் பிடித்து இழுத்தார். "சார், இது கீழ சார்."

தட்டச்சுப்பொறி ஓட ஆரம்பித்துவிட்டது.

"நீங்க எந்த மாடியில சொல்றது நிஜம்?" என்று நீதிபதி கேட்டார்.

வக்கீல் கையிலிருந்த கட்டைத் திருப்பி மேலே எழுதியிருந்ததைப் படித்தார். வழக்கு முடியும்வரை ஜீவனாம்சம் கொடுக்க அன்றே உத்தரவானது.

வெளியே வந்ததும் கடைக்காரர் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"அதான் மனைவின்னு எழுதியாச்சே. இன்னும் எதுக்கு மேல போறே?"

"குடும்பம் நடத்தினது நான்னு கீழ ஒத்துக்கிட்டீங்க. கடையில நாள் பூரா நின்னது யாருன்னு மேல சொல்லணுமே."

"ரெண்டும் நீதானா அப்போ?"

"ரெண்டும் நான்தான். உங்களுக்குத்தான் ஒவ்வொரு இடத்துலயும் ஒருத்தியை மறந்துபோச்சு."

மாடியில் கூப்பிட்டார்கள். அவர் ஒதுங்கும்வரை காத்திராமல், கைப்பிடியோரமாக அவரைக் கடந்து ஏறினாள்.