பாத்துடலாம் சாரின் நிழல்

அந்த மருத்துவமனையின் நிர்வாக இயக்குநருக்குப் பணியாளர்கள் வைத்திருந்த பெயர் ‘பாத்துடலாம்’. எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் அவர் வாயிலிருந்து வரும். லிஃப்ட் நின்றுவிட்டதா, பாத்துடலாம். பிரசவ வார்டில் தண்ணீர் வரவில்லையா, பாத்துடலாம். ஆறு வருடத்தில் அவர் எதையாவது பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

அப்படிப்பட்டவருக்குப் பின்னால் ஒரு பணியாளர் மூன்று நாள் நிழலாக நிற்க வேண்டும் என்று பயிற்சிப் பிரிவு முடிவு செய்தது. மேலதிகாரி கூடவே இருந்து, அவர் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளும் முறையாம். ஜாப் ஷேடோயிங் என்று பெயர். எங்கோ இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய்வந்த பயிற்சி அதிகாரி, புதிதாகக் கல்யாணமான பெண் கணவன் பெயரைச் சொல்வதைப்போல அந்தப் பெயரைச் சொன்னாள்.

தேர்வானவள் ஆவியக்கா. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் பொட்டலம் கட்டி, ஆட்டோகிளேவ் என்ற பெரிய இயந்திரத்துக்குள் வைத்து நீராவியில் கிருமி நீக்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பாளர். அறை இருப்பது கட்டடத்தின் அடித்தளத்தில். நாள் முழுக்க ஆவியில் நிற்கிறாள். மேல்மாடிக்காரர்கள் யாரும் அவளைக் கண்ணால் கண்டதில்லை. இரண்டுக்கும் சேர்த்தே அந்தப் பெயர் பொருந்திவிட்டது.

அவள் சம்மதித்ததற்குக் கற்றலும் காரணமில்லை, பெருமையும் காரணமில்லை. அறையில் இரண்டு ஆட்டோகிளேவ். ஒன்று செத்து ஏழு மாதம். மற்றதன் கதவு ரப்பர் தேய்ந்து, விளிம்பு வழியாக ஆவி சீறியது. அழுத்தம் நிற்காததால் பொட்டலங்கள் ஈரமாக வெளியே வந்தன. ஈரப் பொட்டலத்தை அறுவை அரங்குக்கு அனுப்பக் கூடாது. பிரித்து, மறுபடி கட்டி, மறுபடி அவிக்க வேண்டும். போன மாதம் அந்த ஆவி குட்டியின் மணிக்கட்டைச் சுட்டுவிட்டது. குட்டி அவளுடன் வேலை பார்ப்பவள். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம் என்பதால் கிண்டலாக வைத்த பெயர். ஒரு ரப்பருக்காக ஆவியக்கா ஐந்து கடிதம் எழுதிவிட்டாள். மூன்று நாள் கூடவே நின்றால் ஒரு தடவையாவது நேரில் சொல்லிவிட முடியாதா என்பதுதான் அவள் கணக்கு.

“ஒரு விஷயம்,” என்றாள் பயிற்சி அதிகாரி, பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்றை நீட்டியபடி. “நிழல் பேசாது. கருத்து சொல்லக் கூடாது, கோரிக்கை வைக்கக் கூடாது. பாக்கறதை மட்டும் இதுல எழுதணும். சரியாக்கா?”

கணக்கு அங்கேயே பிசகியது. ஆனாலும் போனாள்.

முதல் நாள் இயக்குநர் அவளை வாய் நிறைய வரவேற்றார். அவர் நாற்காலிக்குப் பின்னால் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். “தலைமைங்கறது என்ன தெரியுமா? கவனிக்கறது,” என்று ஆரம்பித்து, கைபேசியைத் தேய்த்தபடியே முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு ஆண்டு மலரின் அட்டைக்குத் தன் படத்தில் எதைப் போடலாம் என்று பதினாலு படத்தைப் பரப்பி ஆராய்ந்தார். பதினாலிலும் ஒரே சிரிப்பு. கோப்புகளை உதவியாளர் படித்து, உதவியாளரே குறிப்பெழுதி, விரலால் இடம் காட்ட, இவர் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை வீட்டில் நாத்தனார் அந்த நோட்டை உரக்கப் படித்தாள். கணவனின் தங்கை, தையல் வேலை செய்பவள், நாக்கிலும் கத்தரி வைத்திருப்பவள்.

“ ‘பத்து மணி பத்து நிமிடம், சார் நாற்காலியில் சுற்றினார். பத்தே முக்கால், எதிர்ப்பக்கமாகச் சுற்றினார்.’ ஏன் அண்ணி, இதைக் கத்துக்கவா உன்னை மேல அனுப்பினாங்க? நம்ம வீட்டு ஃபேன் இதை விட நல்லா சுத்துமே!”

“எழுதச் சொன்னாங்க, எழுதினேன்.”

“ரப்பர் கேட்டியா?”

“பேசக் கூடாதாம்.”

“அப்ப அங்க போயி எதுக்கு? அந்த ஆளு நிழல்ல நின்னா வெயில் படாதுன்னா?”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் துறைத்தலைவர்கள் கூட்டம். நீள மேசை, குளிர்ந்த அறை, எல்லோருக்கும் முந்திரி போட்ட பிஸ்கட். நிழலுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். அந்தக் குளிர்ச்சி அவளுக்குப் பிடித்திருந்தது. தன் அறையில் இந்நேரம் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும் என்று நினைத்தபோது, இங்கேயே இன்னும் இரண்டு நாள் இருந்தால் என்ன என்றுகூடத் தோன்றியது.

உதவியாளர் கோரிக்கைகளை வாசித்துக்கொண்டே வந்தார். “அடித்தளம், கருவி அறை. ஆட்டோகிளேவ் கதவு ரப்பர். ஆறாவது கடிதம்.”

ஐந்தாவது கடிதம்தான். அதைத் திருத்தக்கூட அவளால் முடியவில்லை. கடிதம் எழுதியவள் இரண்டடி பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைவு வந்து இயக்குநர் இப்போது திரும்புவார் என எதிர்பார்த்தாள். இயக்குநர் பிஸ்கட்டைக் கடித்தார்.

“அந்தக் கீழ் ரூம் ஆளுங்களா? அவங்களுக்கு எப்பவும் எங்கயாவது ஒழுகிட்டேதான் இருக்கும். ரப்பரை விட அவங்க வாயை முதல்ல அடைக்கணும்!”

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். ஆவியக்காவும் சிரித்தாள்.

ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பல் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த நொடியே குட்டியின் மணிக்கட்டு, உரிந்து சிவந்த அந்தத் தோல், கண்ணுக்குள் வந்து நின்றது. வாயில் இருந்த பிஸ்கட் மண்ணாகிவிட்டது. தலைகுனிந்து நோட்டைப் பார்த்தாள்; எதுவும் எழுதவில்லை. அன்று மாலை நாத்தனார் நோட்டைக் கேட்டபோது, “இன்னிக்கு ஒண்ணும் இல்ல” என்று பையை மூடிவிட்டாள்.

மூன்றாம் நாள் தரச்சான்று தருவதற்கான ஆய்வுக்குழு வந்தது. தலைவி ஒல்லியான அம்மாள். பெரிய கண்ணாடி, சின்னக் குரல். இயக்குநர் அன்று டை கட்டியிருந்தார். எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார், கேள்வி முடியும் முன்பே. அந்த அம்மாள் ஒரு வரியையும் குறித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.

“ஆட்டோகிளேவ் எத்தனை இருக்கு?”

“ரெண்டு மேடம். ரெண்டும் பிரமாதமா ஓடுது.”

“ஈரமா வந்து திருப்பின பொட்டலம், போன மாசம்?”

“ஒண்ணுகூட இல்ல மேடம். அந்த ரூமை நானே நேரடியா கவனிக்கறேன்.”

நேரடியாக! அந்த அறைக்குப் போகும் படிக்கட்டு இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டாலே இந்த மனிதர் முழிப்பார். ஆவியக்காவுக்கு நேற்று தான் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

“நாப்பத்தொண்ணு,” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். சுவரோரம் நின்ற பயிற்சி அதிகாரி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

“நாப்பத்தொரு பொட்டலம் மேடம். ஒரு மெஷின் ஓடி ஏழு மாசம் ஆச்சு. இன்னொண்ணு கதவுல ஒழுகுது. துணி சுத்தி வச்சு ஓட்டறோம்.”

இயக்குநர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். “நீங்க… நீங்க எந்த டிபார்ட்மென்ட்?” என்றார்.

மூன்று நாளாக முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து, தலைமை என்றால் கவனிப்பது என்று பாடம் எடுத்தவர் கேட்ட கேள்வி அது.

“நீங்க நேத்து வாயை அடைக்கச் சொன்னீங்களே சார், அந்த டிபார்ட்மென்ட்.”

ஒல்லி அம்மாள் எழுந்தார். “கீழ போலாமா?” என்றார், ஆவியக்காவிடம். இயக்குநர் பின்னால் வந்தார். அடித்தளத்தின் தாழ்ந்த குழாயில் அவர் நெற்றி நன்றாகவே இடித்தது, யாரும் எச்சரிக்கவில்லை.

கீழே ஆவி வழக்கம்போலச் சீறிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கதவு ரப்பரைப் பார்த்தார், சுற்றியிருந்த துணியைப் பார்த்தார், குட்டியின் கையைப் பார்த்தார். அப்போதுதான் பேனாவைத் திறந்தார். இயந்திரத்தை அன்றே நிறுத்தச் சொன்னார். அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அவசரமானவற்றுக்குக் கருவிகள் வேறு மருத்துவமனையில் அவிக்கப்பட்டு வந்தன. இத்தனை மாதமாக எங்குமே கிடைக்காத ரப்பர் மூன்றே நாளில் வந்து சேர்ந்தது. செத்த இயந்திரத்துக்கும் ஆள் வந்தார்கள். தரச்சான்று ஆறு மாதம் தள்ளிப்போனது.

இதற்காக இயக்குநர் வெட்கப்பட்டார் என்று நினைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. அடுத்த ஆண்டு மலரில் இரண்டு பக்கக் கட்டுரை வந்தது: அடிமட்டக் குரலைக் கேட்பதற்காகவே, தொலைநோக்கோடு, தானே வகுத்த திட்டமாம் அந்த நிழல் பயிற்சி. பயிற்சி அதிகாரிக்கு அதற்காக ஒரு கேடயமும் கொடுத்தார்கள். ஆவியக்காவுக்குக் கிடைத்தது ஒரு மெமோ. பயிற்சி விதியை மீறிப் பேசியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். ‘நாற்பத்தொன்று என்பது சரியான எண்தான். பதிவேட்டில் இருக்கிறது’ என்று ஒரே வரி எழுதி அனுப்பினாள். அதற்கு மேல் யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் பதிவேட்டைத் திறக்க வேண்டியிருக்குமே.

அறையில் அவளைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் அவளால் நிம்மதியாக நிற்க முடியவில்லை. ஒரு மதியம், புது ரப்பர் போட்ட கதவுக்கு முன்னால் பொட்டலங்களை அடுக்கும்போது, குட்டியிடம் சொல்லிவிட்டாள்.

“கூட்டத்துல நம்மளப் பத்தி அந்த ஆளு கேவலமா ஜோக் அடிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்டி.”

குட்டி கையிலிருந்த பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி இறுக்கினாள்.

“நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேனோ என்னவோ,” என்றாள். “ஆனா நீ சிரிச்சது எனக்குப் பிடிக்கல அக்கா.”

“எனக்கும்தான்.”

“சரி, அந்தப் பக்கம் பிடி. கனமா இருக்கு.”

இருவரும் பொட்டலத் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே தள்ளினார்கள்.