தண்டவாளம் பெயர்ந்த வருஷம்

யுத்தத்துக்கு இரும்பு வேண்டும், போடி ரயில் பாதையைப் பெயர்த்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தபோது, தேனியில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்த தேவவரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பாதை போட்டபோது மண் சுமந்தவன் அவன். பிறகு அதிலேயே வேலை கிடைத்தது. கல்யாணம், குடியிருந்த வீடு, வேதக்கோயிலில் நாலுபேர் தரும் மரியாதை எல்லாம் அந்த வேலையால் வந்தவைதான்.

போடிப் பக்கமிருந்து பெயர்த்துக்கொண்டே வந்தார்கள். எல்லாம் பெயர்த்து முடித்தால் வேலையும் முடிந்தது. இஷ்டமிருந்தால் அஸ்ஸாமுக்குப் போய் யுத்தப் பாதை போடலாம் என்றார் இன்ஸ்பெக்டர். மச்சினன் மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூப்பிட்டான். கேங்குக் கூட்டாளி அம்மாவாசி அஸ்ஸாமுக்கே பேர் கொடுத்துவிட்டான். தேவவரம் மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல், காலைதோறும் முழங்கால் போட்டுக் கேட்டான்.

"ஆண்டவரே, எங்க போகணும்னு ஒரு வார்த்தை சொல்லும்."

வார்த்தை எதுவும் வரவில்லை. அவனுக்குச் சோறும் இறங்கவில்லை. ஒருநாள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தவனைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள் மனைவி ஞானப்பூ.

"ஏங்க, வேதத்துல வர்ற ஆபிரகாமு வீட்டை விட்டுக் கெளம்புனப்ப, போற ஊரு எதுன்னு தெரியுமாக்கும்?"

"தெரியாது."

"தெரியாமத்தான போனாக? கூட்டிட்டுப் போறவரு யாருன்னு தெரிஞ்சது, போதும்னு நடந்தாக. நீங்க ஊரு பேரைக் கேட்டு அடம்புடிக்கிறீக. இன்னைக்கு முன்னால கெடக்குற வேலையைப் பாருங்க."

அது பதிலாகவே அவனுக்குப் படவில்லை. ஆனாலும் அன்று சோறு இறங்கியது. மறுநாள் ஜெபத்தில் ஊர் கேட்பதை விட்டுவிட்டு, "இன்னைக்குக் கூட இரும்" என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரமே ஒரு காலையில், தேனிக்குக் கிழக்கே அவர்கள் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, நாலு ஆண்கள் ஒரு கட்டிலைச் சுமந்துகொண்டு ஓடிவந்தார்கள். கட்டிலில் நிறைமாதப் பெண், சண்முகத்தாய். முந்தின நாளிலிருந்தே வலி. மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். ஆண்டிபட்டியில் மிஷன் டாக்டரம்மா முகாம் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு மலையடிவாரத்திலிருந்து வந்திருந்தார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்ஸும் இல்லை.

"ரயிலு வராதா தம்பி?" என்று கேட்டாள், கூடவே ஓடிவந்த பெண்ணின் தாய் முருகம்மாள்.

கழற்றாத பாதை ஆண்டிபட்டி வரைக்கும் அப்படியே கிடந்தது. அதன்மேல் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து போகும் தள்ளுவண்டி, டிராலி, நின்றது. அவர் பெரியகுளம் போயிருந்தார். அவர் உத்தரவில்லாமல் அதை யாரும் தொடக்கூடாது.

"அண்ணே, வேணாம். பேரை அடிச்சிருவாக. பெறகு அஸ்ஸாமுக்கும் எடுக்க மாட்டாக" என்றான் அம்மாவாசி, தேவவரத்தின் பார்வை போன இடத்தைக் கண்டு.

தேவவரம் கையிலிருந்த கடப்பாரையைக் கீழே போட்டான். கட்டிலில் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

"ஏலே, தூக்கி வையி!"

வேண்டாமென்ற அம்மாவாசியே ஒரு பக்கம் தள்ள வந்துவிட்டான். வெறுங்காலோடு தண்டவாளத்தின்மேல் ஓடித் தள்ளினார்கள். இணைப்பு வருகிற இடங்களிலெல்லாம் டிராலி குலுங்காமல் பிடித்து மெதுவாக்கினான் தேவவரம். முருகம்மாள் வீரபாண்டி ஆத்தாளைக் கூப்பிட்டாள், அவன் இயேசுவைக் கூப்பிட்டான். வெயில் ஏறுமுன் ஆண்டிபட்டி வந்தது.

கூடாரத்துக்குள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்க வெகுநேரமாயிற்று. கேட்டதும் தேவவரம் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். டாக்டரம்மா ஈரக்கையோடு வெளியே வந்தார்.

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. வழியில குலுக்கலே இல்லைன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. நீங்கதான் தள்ளுனீங்களா?"

"ஆமாங்கம்மா."

"ரயில் நின்னுபோச்சு. இனிமே இவங்க எங்களத் தேடி வர முடியாது, நாங்கதான் போகணும். மருந்து வண்டி ஒண்ணு ஏற்பாடாயிருக்கு. மாடு ஓட்ட ஆள் கிடைப்பாங்க. சீக்காளியை அலுங்காம தூக்குற ஆள்தான் கிடைக்கல. வர்றீங்களா?"

அவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். வீட்டில் கேட்டுச் சொல்வதாக மட்டும் சொன்னான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வாய்க்கு வந்தபடி ஏசி, அவன் பேரை அடித்துவிட்டார். சட்டப்படி அது நியாயம்தான். அம்மாவாசி மேலும் பழி விழாமல் எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டான் தேவவரம். வீட்டுக்கு வந்து நடந்ததையும் டாக்டரம்மா கூப்பிட்டதையும் சொன்னான்.

"மருந்துப் பேருகூட என் வாயில நுழையாதே பிள்ள."

ஞானப்பூ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நுழையுற வரைக்கும் சொல்லிப் பாருங்க."

மருந்து வண்டியோடு அவர்கள் போன முதல் முகாம் வருசநாட்டில் நடந்தது. வண்டி போய் நிற்குமுன்பே புளியமரத்தடியில் காய்ச்சல்காரர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் கூடியிருந்தார்கள். "தொடங்குறதுக்கு முன்னால ஜெபம் பண்ணுங்க, தேவவரம்" என்றார் டாக்டரம்மா. அவன் அத்தனை முகங்களையும் ஒருமுறை பார்த்தான். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஆண்டவரே, நாங்க வந்துட்டோம். இவுகளும் வெகுதூரம் நடந்து வந்திருக்காக. எங்க கைய நல்லபடியா நடத்தும்."

பிறகு மருந்துப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கூட்டத்தின் ஓரத்தில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்த பெரியவரை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கினான்.