பை வைத்த மெஷின்

அக்கா கதவைத் திறந்ததும் முதலில் என் கையிலிருந்த பெட்டியைத்தான் பார்த்தாள். போன மாதம் வாங்கிய வேக்வம் கிளீனரில் கோளாறு இருப்பதாகக் கம்பெனியில் சொல்கிறார்கள், மாற்றிக் கொடுக்க வந்தேன் என்றேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய். ஆனாலும் நாக்கு குழறியது.

கோளாறு மெஷினில் இல்லை, என்னிடம்தான். பத்து வருடமாக வேக்வம் கிளீனர் விற்கிறேன். பை வைத்தது, பை இல்லாதது இரண்டின் குணமும் எனக்கு அத்துப்படி. பை வைத்ததில் தூசி பைக்குள்ளேயே அடங்கிவிடும். பையோடு கழற்றி எறிந்துவிடலாம். பை இல்லாததில் தூசி ஒரு கண்ணாடி டப்பாவில் சேரும். அதைத் திறந்து கொட்டும்போது பாதி நம் முகத்துக்கே வரும். மாமாவுக்கு இருபது வருடமாக வீசிங். அன்று கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது அக்கா கேட்டது ஒரே கேள்விதான்.

"மாமாவுக்கு எதுடா நல்லது?"

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. இதுல பை மாத்துற தொல்லை இல்ல."

பை இல்லாததில் இன்னும் ஒன்று விற்றால் மேற்பார்வையாளர் பதவி எனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஒன்றை அக்கா தலையில் கட்டினேன். இப்போது சட்டைப் பை மேல் 'மேற்பார்வையாளர்' என்று எழுதிய புதுப் பட்டை மின்னுகிறது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்துப் பூரித்துப் போனாள். நான் கூனிக் குறுகிப் போனேன்.

மாமா உள்ளே மும்முரமாகக் கம்பளத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தினமும் டப்பாவில் தூசி ஏறுவதைப் பார்ப்பதில் அவருக்குக் குழந்தையைப் போல சந்தோஷமாம். காலி செய்யும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லையாம். இந்த மாதம் மட்டும் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததையும் அக்கா அதே மூச்சில் சொன்னாள். பருவம் மாறுகிறது, அதனால்தான் என்றாள். மெஷின் மேல் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை.

"இதை எதுக்குடா மாத்தணும்? என் தம்பி கடையில ஊரையே ஏமாத்துவான், எனக்குன்னா பார்த்துப் பார்த்துதான் எடுத்துக் கொடுப்பான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

அவள் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டி வைத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம்.

மாமா டப்பாவைக் கழற்றிக்கொண்டு பால்கனிப் பக்கம் நடந்தார். ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டேன். நான் கொட்டுகிறேன், நீங்கள் உள்ளேயே இருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மூடியைத் திறந்ததும் சாம்பல் நிறத் தூசி குப்பென்று எழுந்து என் முகத்திலும் பட்டையிலும் படிந்தது. கண் எரிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மாமா இருமும் சத்தம் கேட்டது. நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வரும் இருமல்.

திரும்பி வந்தபோது அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் கொண்டுவந்த பை வைத்த மெஷினின் பெட்டியில், பக்கவாட்டில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சுத் தொல்லை இருப்பவர்கள் உள்ள வீடுகளுக்கு ஏற்றது..."

நான் தினமும் ஒப்பிக்கும் வரி அது. அவள் தலை நிமிர்ந்தாள். சிரிப்பு இன்னும் முழுதாகக் கலையவில்லை.

"இது அன்னைக்கு அதுக்குப் பக்கத்துலயேதானேடா இருந்துச்சு?"

மாமா தண்ணீருக்குக் கை நீட்டினார். அக்கா எழுந்திருக்கவில்லை. காலி டப்பா என் கையில் இருந்தது. அதன் கண்ணாடிச் சுவரில் மெல்லிய தூசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.