பாடத்தில் இல்லாத வாக்கியம்

இறந்துகிடந்த அம்மாவின் தாடையைக் கட்டிய துணியின் முடிச்சைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் சற்று விலகி நின்று சரிபார்த்தாள். மகள் கதவருகே நின்று நர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்திலிருந்து ஓடிவந்தவள் கைப்பையைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"நான் பக்கத்துலயே இருந்தேங்கா," என்றாள் நர்ஸ். "அம்மா கஷ்டப்படல. கடைசியா உங்களைத்தான் கேட்டாங்க."

மகளுக்கு வந்த அழுகை நின்றுவிட்டது. இந்த வாக்கியங்கள் அவளுக்குத் தெரியும். பல் முளைத்த நாளிலிருந்தே தெரியும்.

அம்மா நர்ஸிங் பள்ளியில் டீச்சராக இருந்தவள். மெத்தை விரிப்பின் மூலையைச் சரியாக மடிக்காத மாணவியை அவள் மனுஷியாகவே மதித்ததில்லை. அதனால் 'மூலை டீச்சர்' என்று பெயர். மூளை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூலை சரியாக இருந்தால் பாஸ் என்று மாணவிகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சாயங்காலமானால் அந்த மாணவிகளைக் குவார்ட்டர்ஸ் கூடத்தில் வரிசையாக நிறுத்தி, செத்தவரின் வீட்டாரிடம் பேசும் பாடம் நடக்கும். பக்கத்துலயே இருந்தேன். கஷ்டப்படல. உங்களைத்தான் கேட்டாங்க. இந்த மூன்றையும் குரல் இறங்கும்வரை சொல்லவேண்டும். மேஜைக்கடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் மகளும் கூடவே சொல்வாள். அவளுடைய பொம்மைகளில் ஒன்று செத்தால் மற்ற பொம்மைகளுக்கு அவள் சேதி சொல்லும் விதமே அதுதான்.

போதாக்குறைக்கு அவள் தொழிலும் சந்தேகப்படுவது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளை விசாரிக்கிறவள். வாக்குமூலம் வழுக்கிக்கொண்டு வந்தால் யாரோ சொல்லிக்கொடுத்து வருகிறது என்று அர்த்தம். உண்மையைச் சொல்கிறவன் தடுமாறுவான், நடுவில் தேவையில்லாத எதையாவது சொல்வான். இந்தப் பெண்ணோ சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தாள்.

பக்கத்தில் இருந்தாளா, இல்லையா? மகளுக்கு அது தெரிந்தாக வேண்டும். காலையில் "நீ ஆபீஸுக்குப் போ" என்று அம்மா சொன்னதும், மறுபேச்சுப் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் அவள். நல்லதாயிற்று என்றுகூட நினைத்தாள், அதுதான் நெஞ்சை அறுத்தது. அம்மா தனியாகச் செத்திருந்தால் அந்தப் பழி நர்ஸோடு முடியாது, தன்மேலும் விழும்.

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். தொட்டியில் ஒரு பாத்திரம் ஊறிக்கொண்டிருந்தது. அடி கருகிப் போயிருந்தது. வீடு முழுக்கத் தீய்ந்த வாடை அடித்ததற்குக் காரணம் இதுதான். பக்கத்திலேயே இருந்தவள் அடுப்பில் எதை வைத்தாள்? வைத்தவள் அது கருகுகிறவரை எங்கே போயிருந்தாள்? வாசலில் யாருடனாவது பேசிக்கொண்டிருந்தாளா, ஃபோனில் மூழ்கிவிட்டாளா? மகள் கேட்கவில்லை. ஆளைத் தப்பவிடாமல் கேட்பதற்கு நேரம் பார்க்கவேண்டும் என்பது தொழிலில் படித்தது.

அதற்குள் பெரியம்மா வந்துவிட்டாள். உறவு முறையில் பெரியம்மா இல்லை, அம்மாவோடு ஒன்றாக நர்ஸிங்கில் சேர்ந்தவள். வந்ததும் அழவில்லை. போர்வையின் மூலையைத் தூக்கிப் பார்த்து, "மடிப்பு நல்லா இருக்கு" என்று நர்ஸிடம் சொன்னாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

மகள் அவளைக் கூடத்துக்கு அழைத்துவந்தாள். "பெரியம்மா, செத்தவங்க வீட்டு ஆளுங்ககிட்ட சொல்றதுக்கு அம்மா ஒரு மூணு வரி வச்சிருந்தாங்களே."

"வச்சிருந்தாளாவா? அதுக்காக சண்டையே போட்டா." பெரியம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நாங்க சேர்ந்தப்ப படிப்பாவது ஒண்ணாவது. தரையைத் துடை, ஊசியைக் கொதிக்க வை, பெட்பேனைக் கழுவு, அதான் பாடம். வீட்டு ஆளுங்ககிட்ட நர்ஸ் வாயைத் திறக்கக் கூடாது, டாக்டர்தான் பேசணும். டாக்டருக்கு எங்க நேரம்? உள்ள பொணம் கிடக்கும், வெளிய பொண்டாட்டி பால் வாங்கிட்டு வந்து நிப்பா. உங்கம்மாதான் வகுப்பு வேணும், நர்ஸும் பேசணும்னு ஒத்தைக்கால்ல நின்னு வாங்கினா."

"இப்பவும் சொல்லிக்கொடுக்கறாங்களா?"

"எங்க! டிகிரி வந்துச்சு, புதுப் பாடத்திட்டம் வந்துச்சு. கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லு, ஆறுதலுக்காகப் பொய் சொல்லாதேன்னுட்டாங்க. அதை எடுத்தன்னைக்கு உங்கம்மா சாப்பிடவே இல்ல. அப்புறம் அவளே ஒருநாள் சொன்னா, அவங்க சொல்றதுதாண்டி சரின்னு."

"இந்தப் பொண்ணு படிச்சப்ப?"

"இது நேத்துப் படிச்ச பொண்ணு, கண்ணு. அதுக்கு எப்படித் தெரியும்?"

மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நர்ஸ் அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். "இந்தப் பக்கம் திருப்பறேம்மா" என்று இறந்தவளிடம் சொல்லிவிட்டுத் திருப்பினாள்.

"சிஸ்டர், அதை யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க?"

"எதைக்கா?"

"பக்கத்துலயே இருந்தேன்னு ஒப்பிச்சீங்களே, அது."

சீப்பு நின்றது. நர்ஸின் கழுத்து சிவந்துவிட்டது. மகளுக்கு ஒரு நொடி வெற்றி பெற்றதுபோல இருந்தது.

"அம்மாதான்," என்றாள் நர்ஸ். "நீங்க வந்து கேட்டா இதைச் சொல்லுன்னாங்க. எங்களுக்கு அப்படிச் சொல்லக் கூடாதுன்னுதான் பாடம், அதையும் சொன்னேன். அது பரீட்சைக்கு, இது என் பொண்ணுக்குன்னாங்க. இந்த வாரம் பூரா திரும்பத் திரும்பச் சொல்ல வச்சாங்க. குரலை இறக்குன்னு திட்டுவாங்க. 'உங்களைத்தான்'ங்கற இடத்துல அவசரப்படாதேம்பாங்க. எனக்குக் கடைசிவரைக்கும் சரியாவே வரல."

மகள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கட்டிலில் யாரும் உட்காரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைக் கேட்டாங்களா?"

நர்ஸ் சீப்பில் சிக்கிய முடியை உருவினாள்.

"உங்க பாடத்துல இருக்கற மாதிரியே சொல்லுங்க. பார்த்ததை மட்டும்."

"கேட்கலைக்கா." அவள் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. "வெந்நீர் வேணும்னாங்க. நான் அடுப்புல வச்சுட்டு, ஜன்னல்ல துணி காயுதே, மழை வர்ற மாதிரி இருக்குன்னு அதை எடுத்தேன். உள்ள சத்தமே இல்லையேன்னு வந்து பார்த்தேன். அவ்வளவுதான். அடுப்பை அணைக்கவே தோணல."

துணி, மழை. தேவையில்லாத விவரங்கள். உண்மை தடுமாறித் தடுமாறி வந்து நின்றது.

"அம்மா வெந்நீர் குடிக்கவே மாட்டாங்களே," என்றாள் மகள்.

"ஆமாங்கா. அடுப்பைப் பத்த வைக்கும்போதே நினைச்சேன். பச்சைத் தண்ணிதானே கேப்பாங்கன்னு. இருந்தும் போயிட்டேன்." நர்ஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் போயிருக்கக் கூடாது."

மகளையும் காலையில் அம்மா அப்படித்தான் அனுப்பினாள். எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்றவள், தனக்கு மட்டும் ஒருவரையும் நிற்கவிடவில்லை. மகளுக்கு அம்மாமேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அழுகையும் வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். நர்ஸ் தொடவில்லை, போகவுமில்லை.

"நீங்க திரும்பி உள்ள வந்தப்ப எப்படி இருந்தாங்க?" என்று மகள் கேட்டாள், அழுகை கொஞ்சம் அடங்கியதும்.

"கண்ணு மூடியிருந்துச்சு. முகத்துல வலி தெரியல. வலது கை மட்டும்..." நர்ஸ் தயங்கினாள். "வலது கை விரல் மூணும் இடது மணிக்கட்டுல இருந்துச்சு. பல்ஸ் பார்த்துட்டிருந்திருக்காங்க."

"யாருக்கு?"

"அவங்களுக்கேதாங்கா."

மகள் அம்மாவின் கைகளைப் பார்த்தாள். வயிற்றின் மேல் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. "கையைப் பிரிச்சது நீங்களா?"

"ஆமா. மடிச்சு வைக்கணும்னு... பழக்கத்துல பிரிச்சுட்டேன்."

கூடத்தில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. பெரியம்மா யாரிடமோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். மகள் வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, இடது கையை நர்ஸிடம் நீட்டினாள்.

"எப்படி வச்சிருந்தாங்க, காட்டுங்க."

நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு, மூன்று விரல்களை அவள் மணிக்கட்டில் வைத்தாள். வைத்ததும் அவளை அறியாமலே கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. உதடுகள் ஓசையின்றி அசையத் தொடங்கின. கதவை யாரோ தட்டினார்கள். மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.