விட்டுப்போன மத்தியானம்

மூன்றாவது மாடி தாண்டியதும் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று எழுதிய அட்டை தொங்கியது. எழுதி எத்தனை வருஷமோ, அட்டையே பழுப்பேறிப்போயிருந்தது. மூன்று வாரமாக அவளுக்குத் தூக்கம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் எழுந்திருக்க வேண்டும். இழுக்காதபோது, ஏன் இழுக்கவில்லை என்று எழுந்து பார்க்க வேண்டும்.

நான்காவது மாடியில் கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். காவலாளிச் சீருடையைப் பாதி மாட்டியிருந்தார். அவளைக் கண்டதும் அவருடைய வலது கை கால்சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது. சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நான் கையெழுத்து சாரோட பொண்ணுங்க.”

அவர் வழி விடவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

அவளுடைய அப்பாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் தொழிலாளிகள். பயிற்சி நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர் அவர். ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் வந்து உட்கார்ந்து, போன வருஷம் கேட்டதையே மறுபடியும் கேட்டுவிட்டுப் போக வேண்டும். காது அடைப்பானை எப்படிச் செருகுவது, தூசிக்கு எந்த முகமூடி, முதுகை வளைக்காமல் பளு தூக்குவது எப்படி. வகுப்பு முடிந்ததும் அப்பா வருகைப் பதிவேட்டோடு வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். பாடம் ஏறியதோ இல்லையோ, கையெழுத்து விழாமல் ஒருவரும் வெளியே போக முடியாது. வீட்டிலும் அதே கதைதான். அரிசி மூட்டையைத் தூக்க அவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுந்திருப்பதைப் பார்த்து அம்மா சொல்வாள்: “கட்டிக்கிட்ட புதுசுல என்னைத் தூக்கச் சொல்லியிருந்தா, முதல்ல எடை என்னன்னு கேட்டிருப்பாரு.”

“சார் எப்படி இருக்காரு?” என்று கேட்டார் காவலாளி, கேட்டாக வேண்டுமே என்பதுபோல.

“இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. உங்களைப் பாக்கணுமாம். நாலு நாளா இதையேதான் சொல்லிட்டிருக்காரு.”

“நான் வந்து என்ன பண்ணணும்? மன்னிச்சிட்டேன்னு சொல்லணுமா?”

வழியெல்லாம் அவள் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் மாடிப்படியிலேயே நின்றுவிட்டன.

“தெரியலைங்க,” என்றாள். “எனக்கே நாலு நாள் முன்னாடிதான் எல்லாம் தெரியும். வந்தா வாங்க. வரலைன்னா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

அவர் இடது கையால் மீதிப் பொத்தான்களைப் போட்டார். “ரெண்டு மணிக்கு ஷிஃப்ட்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

ஸ்கூட்டரில் இரண்டாவது ஹெல்மெட் எப்போதும் இருக்கும், அப்பாவின் கட்டளை. காவலாளி அதன் வாரை ஒற்றைக் கையால் மாட்டி முடிக்கும்வரை அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு அவர் அச்சழுத்த இயந்திரத்தில் வேலை பார்த்தார். தகட்டை வைத்தால் ஒரே அடியில் மூடியாக வெட்டித் தள்ளும் இயந்திரம். மறுபயிற்சி வகுப்பின் நடுவில் அவர் மனைவிக்குப் பிரசவ வலி வந்துவிட்டதென்று தகவல் வந்தது. அப்பா யோசிக்கவே இல்லை. “கையெழுத்தைப் போட்டுட்டு ஓடுங்க,” என்றார். அவர் கேட்காமல் போன மத்தியானப் பாடம், இயந்திரத்துக்குள் கை வைப்பதற்கு முன் மின்சாரத்தை அணைத்துப் பூட்டுவது பற்றி. பதினோராவது நாள், சிக்கிய தகட்டை எடுக்க அவர் கையை உள்ளே விட்டிருந்தபோது, அந்தப் பக்கம் நின்றவன் விசையைப் போட்டுவிட்டான். மூன்று விரல்கள் போயின. விசாரணையில், அவர் நாள் முழுக்க வகுப்பில் இருந்தாரா என்று கேட்டார்கள். அப்பா சொன்னது இரண்டே வார்த்தை: “கையெழுத்து இருக்கே.” பயிற்சி பெற்றவர், அவருடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று முடிவாகி, வேலையும் போயிற்று.

இதையெல்லாம் அப்பா அவளிடம் சொன்னது, நாலு நாள் முன்பு அவள் மருந்து ஊட்டும்போது. கரண்டி அவள் கையில் அப்படியே நின்றுவிட்டது.

வீட்டில் அம்மா கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஆக்ஸிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. வந்தவரைக் கண்டதும் அப்பா தலையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை.

“உக்காருங்க.”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கை பைக்குள்ளேயே இருந்தது.

“அன்னிக்கு... மத்தியானம்... நீங்க இல்ல.”

“இல்ல சார்.”

“இருந்தீங்கன்னு... சொல்லிட்டேன்.”

“அப்படிச் சொல்லல சார். கையெழுத்து இருக்கேன்னு சொன்னீங்க. எனக்கு வந்த கடுதாசியில அப்படியே போட்டிருந்தாங்க. மனப்பாடமா இருக்கு.”

அம்மா துணியைப் பிழிவதை நிறுத்தினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதோ என்று மகளுக்குத் தோன்றியது.

கண்ணைத் திறக்காமலே அப்பா கேட்டார்: “என்ன குழந்தை?”

“பொண்ணு சார். பத்தொன்பது ஆச்சு.”

“நல்லா... இருக்காளா?”

“இருக்கா. என்கிட்டதான் பேச மாட்டா. போன்கிட்ட நல்லாப் பேசுவா.”

அப்பாவின் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. சிரிப்புதான். பிறகு, “மத்தியானப் பாடம்... பாக்கி இருக்கு,” என்றார்.

“இப்ப எதுக்குங்க அதெல்லாம்?” என்றாள் அம்மா. “பேசினா இளைக்குது இல்ல.”

வந்தவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம்.

“எடுங்க சார்,” என்றார்.

அப்பா எடுத்தார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூன்று மூச்சு, நான்கு மூச்சு. இயந்திரம் நிற்கப்போகிறதென்று பக்கத்தில் இருக்கிற அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது, வாயால் ‘சரி’ என்று சொல்ல வேண்டும். பிறகு நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஆயிற்றா? ஆகவில்லை. மெயினை அணைக்க வேண்டும்.

“அணைச்சு... பூட்டணும். சாவி எங்க?”

“என் பையில சார்.”

“யார்கிட்டயும்...”

“குடுக்க மாட்டேன் சார்.”

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். இந்தப் பாடத்தை அவள் சின்ன வயதில் பக்கத்து அறையிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அப்பா கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்ப்பார். அப்போதெல்லாம் தூக்கம்தான் வரும். இப்போதும் கண் சொருகியது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பாதியில் அப்பா கண்ணைத் திறந்தார். “தூங்கலையே?”

“இல்ல சார்.”

“மேல தூக்கி நிக்கிற பாரம்... தானா இறங்கும். அதுக்கு அடியில கட்டை குடுக்கணும். அப்புறம்... விசையை ஒரு தடவை... போட்டுப் பாக்கணும். ஓடலைன்னா...”

அங்கே நின்றது.

வந்தவர் காத்திருந்தார். மகளும் காத்திருந்தாள். அம்மா மறுபடி துணியை நனைத்து உதட்டில் வைத்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருமா என்று மகள் எண்ணத் தொடங்கினாள். இருபது எண்ணுவதற்குள் வந்தது. பிறகு முப்பது. ஒன்றேகாலுக்கு மேல் அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். எண்ணிக்கை நூறைத் தாண்டிய பிறகும் நிறுத்தத் தோன்றவில்லை.

யாரும் அழவில்லை. அதற்கே ஒரு தெம்பு வேண்டியிருந்தது. மகள் மூலைக்குப் போய் ஆக்ஸிஜன் இயந்திரத்தை அணைத்தாள்.

“ஓடலைன்னா... அப்புறம் என்ன?” என்று கேட்டாள் அம்மா, கணவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வந்தவரின் வலது கை எப்போது பைக்குள்ளிருந்து வெளியே வந்ததென்று மகள் கவனிக்கவில்லை. அது அவர் மடியில் கிடந்தது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமாக.

“அப்புறம்தாம்மா கையை உள்ள விடணும்,” என்றார்.

அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். பிறகு சித்தப்பாவுக்கு, அத்தைக்கு. ஒவ்வொருவருக்கும் அதே இரண்டு வாக்கியத்தைச் சொல்லி, அதே விசும்பலைக் கேட்டு, “மெதுவா வாங்க” என்று முடித்தாள். நான்காவது போனுக்கு நடுவில் வராந்தாவிலிருந்து அவர் குரல் கேட்டது. மேற்பார்வையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு வர முடியாது சார்... ஒரு சாவு... இல்ல, சொந்தம் இல்ல.” மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். “எனக்குப் பாடம் எடுத்தவரு.”

அவள் அடுத்த எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் சாப்பாட்டு மேசையைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டிருந்தார். ஆட்கள் வருவார்கள் அல்லவா? வீட்டிலிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, கட்டிலைப் பார்த்தபடி வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி நாற்காலி கனமானது, பழைய மரம். அதன் முன்னால் ஒரு நொடி நின்றார். பிறகு முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முழங்கையை அடியில் கொடுத்து அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.