மிச்சம் இல்லாத செம்பு

கட்டுகஸ்தோட்டைக்குப் பக்கத்துக் கழிவுநீர் நிலையத்தில் அன்று ஊர்மக்களுக்கு அழைப்பு. ஏற்கெனவே சுத்திகரித்த கழிவுநீரை மெல்லிய சவ்வுகளில் வடித்து, புற ஊதா ஒளி பாய்ச்சிக் குடிநீராக்கிக் காட்டும் பரிசோதனை. ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கும் இராஜேஸ்வரி காலையிலேயே தண்ணீரைச் சோதித்துவிட்டாள். கிருமி இல்லை, வாடையும் இல்லை. ஊரார் குடித்தால்தான் திட்டம் நகரும் என்றார் மேலதிகாரி. அவளுக்கோ வேறு ஆசை. தன் கையால் கொடுக்கிற தண்ணீரை வெளியார் ஒருவராவது குடிக்க வேண்டும்.

வந்தவர்கள் குழாய்களைப் படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். கிளாஸை நீட்டினால் மட்டும், "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்றார்கள். அந்தக் கொளுத்துகிற வெயிலில் ஊரே தாகமில்லாமல் திரிந்தது.

அந்தப் பேச்சு அவளுக்குப் பழக்கம்தான். அப்பா அழகமுத்து நகரசபையில் தெருச் சாக்கடைக் கான் கழுவியவர். தொழிலாளர் லயத்து வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துத் தண்ணீர் வைப்பாள். வந்தவர்கள் இதையே சொல்லிவிட்டு எழும்பிப் போவார்கள். பிறகு அப்பா அந்தச் செம்பை எடுத்து ஒரு சொட்டு விடாமல் குடிப்பார். "நல்ல தண்ணி, ஏன் வீணாக்கணும்?" என்று சிரிப்பார். இன்று அப்பா இல்லை. செம்பு மட்டும் ஆய்வுகூடத்து மேசையில் இருக்கிறது.

அதில் மிச்சம் வைக்காமல் குடித்தவள் ஒருத்தி உண்டு, பள்ளித்தோழி மஸாஹிரா. செம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றுவது அவளுக்குக் கடைசிவரை வரவேயில்லை. பாதி வாய்க்குள், பாதி சீருடையில். அம்மா சிரித்துக்கொண்டே துவாய் கொடுப்பாள். எவ்வளவு நல்ல பின்னேரங்கள் அவை.

மூன்று மணிபோல அந்த மஸாஹிராவே வந்து நின்றாள். பேஸ்புக்கில் அழைப்பைப் பார்த்து அலவத்துகொடயிலிருந்து பஸ் ஏறியிருக்கிறாள். இராஜேஸ்வரி நீட்டிய கிளாஸை அவளும் தள்ளிவைத்தாள். இவளுமா என்று பார்த்தாள் இராஜேஸ்வரி.

"இது வாணாம் புள்ள. ஒங்கட ஊட்டுச் செம்பு இரிக்கா?"

ஓடிப்போய் எடுத்துவந்து நிரப்பினாள். "இது எங்கேருந்து வந்த தண்ணின்னு தெரியும்தானே?"

"தெரியிம். நீதானே சோதிச்ச. தா."

மஸாஹிரா அண்ணாந்தாள். முக்காடெல்லாம் தண்ணீர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் ஒரு கிளாஸை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

திரும்பி வந்த செம்பை இராஜேஸ்வரி பழக்கத்தில் எட்டிப் பார்த்தாள். அப்பா குடித்துத் தீர்க்க அதில் ஒன்றுமே இல்லை.