எல்லோருக்கும் ஒரே லாகின்

எங்கள் பி ஷிஃப்டுக்கு ஒரே லாகின்தான். கம்பெனி ஆளுக்கொன்று கொடுத்திருந்தது, எங்களுக்குத்தான் சோம்பேறித்தனம். பாஸ்வேர்டு வல்லக்கோட்டை முருகன் பெயர். கேண்டீன்காரரைக் கேட்டால்கூடச் சொல்லுவார்.

அன்று மதியம் வசந்தகுமார் அண்ணன் ரோபோ கூண்டுக்குள் கிரீஸ் வைக்கப் போனார். மாடியில் கண்ணாடி அறையில் நான் பிரவுசரில் உற்பத்தி லைனை இயக்கும் டெர்மினலைத் திறந்து, லாகின் செய்து, ரோபோவை நிறுத்தி வைத்தேன். நான் லாகினில் இருக்கும்வரைதான் அந்த நிறுத்தம் நீடிக்கும்; அதன்பிறகு உள்ளே வருபவர் லைனை ஓட்டிவிடலாம்.

"நான் வெளிய வர்ற வரைக்கும் நகராத, கவிப்பிரியா," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

திடீரென்று திரை வெளுத்தது. 'பயனர் பெயர்?' என்று கேட்டது.

வேறு கம்ப்யூட்டரில் யாரோ அதே லாகினில் நுழைந்திருக்கிறார்கள். புதிதாக ஒருவர் வந்தால் பழையவரை அது வெளியே தள்ளிவிடும். பதறிப்போய் மறுபடி உள்ளே போனேன். 'நிறுத்து' என்று அடித்து முடிப்பதற்குள் மறுபடி வெளியே. அங்கேயும் ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டே அடித்துக்கொண்டிருப்பார். லைனை ஓட்டத்தான், வேறெதற்கு? லாகின் என் பெயரில் இருந்திருந்தால் மேலே வந்தாவது கேட்டிருப்பார்.

அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பட்டன் கீழே கூண்டு வாசலில் இருந்தது. போன் லாக்கரில். கத்தினால் அந்த இரைச்சலில் எவன் காதில் விழும்? கண்ணாடி வழியே அண்ணனின் முதுகு தெரிந்தது, ரோபோவின் கைக்கு நேர் கீழே. செத்துப்போவார் என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன்.

மூன்று முறை தப்பாக அடித்தால் லாகினே பூட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவரையும் துரத்திவிடும். அந்தச் சனியனை எத்தனை நாள் திட்டியிருப்போம்! கைக்கு வந்ததை அடித்தேன். தவறு. மறுபடி அடித்தேன். தவறு. மூன்றாவது முறை பழக்கதோஷத்தில் விரல் முருகன் பெயரையே அடித்துவிட்டது. அதை அழித்து, என் அம்மா பெயரை அடித்தேன்.

'லாகின் பூட்டப்பட்டது.'

சூப்பர்வைசர் லோகேஷ் சார் படியேறி ஓடி வந்தார். "இன்னாம்மா பண்ணிகினு கீற? லாகின் லாக் ஆயிடுச்சி, லைன் நிக்கிது!"

கண்ணாடியைக் காட்டினேன். வசந்தகுமார் அண்ணன் கையைத் துடைத்தபடி கூண்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்.

சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "லைனை ஓட்டவான்னு ஸ்கிரீன்ல கேட்டுச்சி. ஆமான்னு அடிச்சிட்டேம்மா," என்றார். "என்டர்தான் பாக்கி."